பெருமாள் குளத்து மீசை மீன்கள்

ஓய்வு பெற்ற பிறகும் என் கைப்பேசிக்கு மீன்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பிளாஸ்டிக் தொட்டியில் கிடக்கும் மீன், செய்தித்தாளில் கிடத்திய மீன், யாரோ ஒருவரின் செருப்புக் காலோடு சேர்த்துப் பிடித்த மீன். கூடவே ஒரே கேள்வி: "மேடம், இது நாட்டுத் தேளியா, ஆப்பிரிக்கக் கெளுத்தியா?" இரண்டுக்கும் அதே கறுப்பு, அதே வழவழப்பு, அதே மீசை. படத்தைப் பார்த்து எனக்கென்ன தெரியும்? "மண்டையின் பின்பக்கம் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள்" என்று எழுதுவேன். பதிலுக்குக் கட்டைவிரல் பொம்மை ஒன்று வரும். மீன்மேல் விரலை வைத்தார்களா, பொம்மையோடு நிறுத்திக்கொண்டார்களா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இப்போது அயல்நாட்டு மீன் வளர்க்க அனுமதி கேட்பதும் கைப்பேசியிலேயே நடக்கிறதாம். குளத்தைப் படம் எடுத்து, நீள அகலம் குறித்து, பொத்தானை அழுத்தினால் விண்ணப்பம் போய்விடுமாம். நல்லதுதான். நாங்கள் ஒரு கையெழுத்துக்காகச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் பேருந்தில் இடிபட்டதெல்லாம் இவர்களுக்கு வேண்டாம். ஆனால் குளம் நிரம்பி வழிந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று யார் கேட்கிறார்கள் என்று எங்கள் பழைய அலுவலகக் குழுவில் நான் நாலைந்து தடவை எழுதிவிட்டேன். "புலம்பாமல் ஒரு கட்டுரையாக எழுதுங்கள் மேடம்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். மற்றவர்கள் அதற்குக் கைதட்டல் போட்டார்கள். மாட்டிக்கொண்டேன்.

எனக்கு ஆந்திர எல்லையில் சத்தியவேடு பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் கலந்தது. எங்கள் நைனா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். திருப்பதியில் விலங்கியல் படித்தேன். மீன்வளத் துறைத் தேர்வு எழுதினேன். பயிற்சியில் சினை மீனைப் பிதுக்கி முட்டை எடுக்கவும், குஞ்சு பொரித்தால் தேநீர் வடிகட்டியில் அள்ளி எண்ணவும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை. மீனைப் பற்றி உருப்படியாக நான் தெரிந்துகொண்டதெல்லாம் நரசிம்மம் சாரிடம் வேலைக்குப் போன பிறகுதான்.

அவர் எங்கள் உதவி இயக்குநர். தெலுங்குக்காரர். தமிழ் முழுவதும் புரியும், பேசினால் பாதி வரும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது கத்தினால் அவர்கள் முடிக்கும்வரை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். பிறகு "செப்பம்மா" என்பார். சொல்லம்மா என்று அர்த்தம். இவ்வளவு நேரம் சொன்னது என்னவாம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இரண்டாவது தடவை சொல்லும்போது எல்லாருமே பாதியாகக் குறைத்துத்தான் சொன்னார்கள். உண்மை அந்தப் பாதியில்தான் இருந்தது.

வேலையில் சேர்ந்த புதிதில் என்னைப் புத்தூர் மீன் சந்தைக்கு அழைத்துப்போனார். எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்கள் கட்டுப் போட்ட கையோடு அங்கே மீன் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு கடையில் நாட்டுத் தேளி என்று சொல்லி உயிருள்ள மீனை அலுமினியக் குண்டானில் வைத்திருந்தார்கள். சார் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். சந்தை நடுவில், அத்தனை பேர் பார்க்க. மூடினேன். ஈரத்துணியால் சுற்றிய மீனை என் இடது கையில் கொடுத்து, வலது கட்டைவிரலை மண்டை எலும்பின் பின்விளிம்பில் நகர்த்தச் சொன்னார். நாட்டுத் தேளிக்கு அந்த எலும்பு ஒரே கூம்பாகக் குவிந்து முடியும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு அகலமாக, மேடும் பள்ளமுமாக ஓடும். குண்டானில் இருந்தது பூராவும் அகலம். "கண் நாம் ஆசைப்படுவதைக் காட்டும், விரல் காட்டாது" என்றார் சார். கடைக்காரர் அப்போதே குண்டானை மூடிவிட்டார். கட்டுப் போட்ட ஒருவர் மட்டும், மலிவாகத்தானே கொடுக்கிறார், உங்களுக்கு என்ன வந்தது என்று எங்களோடு சண்டைக்கு வந்தார்.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அந்தக் கெளுத்தி எதையும் தின்னும். கோழிக் கழிவைப் போட்டாலே கொழுக்கும், சாக்கடைத் தண்ணீரிலும் சாகாது. வளர்ப்பவனுக்கு நஷ்டமே கிடையாது. சிக்கல் அது குளத்தைத் தாண்டும்போதுதான். காற்றை நேரே குடித்துக்கொண்டு, மழை ஈரத்தில் புல்மேல் ஊர்ந்து அடுத்த நீருக்குப் போய்விடும். போன இடத்தில் விரால் குஞ்சு, கெண்டைக் குஞ்சு, தவளை என்று ஒன்றையும் விட்டுவைக்காது. அதனால்தான் அதற்கு அனுமதியே இல்லை, தடை. கண்டால் அழிக்க வேண்டும்.

அழிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் நோட்டீஸ். பிறகு வருவாய்த்துறை ஆள் ஒருவர், ஊர்ப் பெரியவர்கள் இருவர் முன்னிலையில் பஞ்சநாமா என்னும் சாட்சிப் பத்திரம். என்ஜின் வைத்துத் தண்ணீரை இறைத்து, வலையால் அரித்து, குழி தோண்டிப் புதைத்து, மேலே சுண்ணாம்பு கொட்ட வேண்டும். சேற்றில் புதைந்து பிழைக்கும் மீன் என்பதால் குளத்தின் தரை பாளம் பாளமாக வெடிக்கும்வரை காய விட வேண்டும். இதையெல்லாம் நான் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். தேசப்பன் குளத்துக்கும் அப்படித்தான் போனேன்.

தேசப்பன் சத்தியவேடு மண்டலத்துக்காரர். தமிழும் தெலுங்கும் பாதிப் பாதியாக இருக்கும் ஊர். நிலமில்லாமல் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் கிடைத்து, மாங்கன்று வைத்து, அது காய்க்காமல் போய், அந்த இடத்திலேயே குளம் வெட்டியவர். கம்பெனி ஆட்கள் தங்கும் மெஸ்களுக்கு அவருடைய கெளுத்தி போய்க்கொண்டிருந்தது. நோட்டீஸைக் கொடுத்தபோது அவர் சண்டை போடவில்லை, ஒன்று கேட்டார். "சைனா கெண்டைய வளக்கச் சொல்லி நீங்களே குஞ்சு தர்றீங்க. அது மட்டும் இன்னா நம்ப ஊரா மேடம்?" அந்தக் கேள்வியை அப்படியே நரசிம்மம் சாரிடம் போய்ச் சொன்னேன். எந்த ஊர் என்பது பிரச்சினையே இல்லை, ஏரிக்குள் போனால் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி, அதை அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வா என்று அதே பேருந்தில் என்னைத் திருப்பி அனுப்பினார்.

குறித்த நாளில் குளத்தை இறைத்தோம். வலையில் வந்தது நான் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. கொக்கு தின்றுவிட்டது என்றார் தேசப்பன். அந்தப் பருமனான மீனைத் தின்ன வேண்டுமானால் கொக்கு ஆட்டுக்குட்டி அளவு இருக்க வேண்டும். அவருடைய மனைவி மங்கம்மா வரப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். எனக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் எங்கே தேடுவது?

அது புரட்டாசி மாதம். வேலை முடிந்து ஊருக்குள் இருந்த சின்னப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். எல்லாரையும்போல நானும் குளத்துப் படியில் நின்று ஒரு கை பொரி போட்டேன். முதலில் குட்டிக் கெண்டைகள் வந்தன. பிறகு தண்ணீர் கொப்புளித்தது. பெரிய பெரிய கறுப்பு வாய்கள், வாய்க்கு வாய் மீசை, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு பொரியை விழுங்கின. பக்கத்தில் நின்ற பெண்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். குறைந்த மீன்கள் எங்கே போயின என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மங்கம்மாவிடம் நேராகவே கேட்டேன். அவர் மறைக்கவில்லை. முன்பு வேறொரு ஊரில் இப்படிப் புதைத்ததை யாரோ படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். சுண்ணாம்புக்கு அடியில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடியதை அவர் பார்த்திருக்கிறார்.

"உசுரோட பொதைக்கிறத பாத்துக்கினு எப்டி மேடம் சும்மா கீறது? பெருமாளே, உன் கொளத்துல வுட்டுட்டேன், இனிமே உன் புள்ளைங்கன்னு வேண்டிக்கினு ஆட்டோவுல ஏத்திக்கினு வந்து வுட்டேன். ஒரு மீனு கூட நான் விக்கல."

திட்ட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். கோபம் போகவில்லை. ஆனால் எங்கள் குழிக்குப் பயந்துதான் மீன் தப்பித்தது என்பது உறைத்தது. இதை நாங்கள் யாருமே யோசித்ததில்லை.

பெருமாள் குளம் நிரம்பினால் கலங்கல் வழியாகத் தண்ணீர் ஊர் ஏரிக்குப் போகும். அந்த ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை ஊர்ச் சங்கத்துக்கு. நேற்றுவரை கூலிக்குப் போன குடும்பங்கள் சேர்ந்த சங்கம். வருடத்தில் பாதி நாள் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த ஏரியின் விராலால். ஐப்பசி மழை இறங்கினால் குளம் வழியும். கலங்கலில் வலை கட்டினால் குப்பை அடைத்துக்கொள்ளும், மீன் ஓரமாக ஈரப் புல்லில் ஏறிப் போய்விடும். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் போய்ச் சேர்ந்தாலே போதும், ஏரி கைவிட்டுப் போகும். சங்கத் தலைவர் ஏகாம்பரத்திடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஓடிப்போய்க் கலங்கலைப் பார்த்தார். ஆனால் குளத்தில் வலை போட அவரும் சம்மதிக்கவில்லை. சாமிக்கு விட்ட மீன், அதுவும் புரட்டாசி. எங்கள் ஆட்கள் வீட்டில் கருவாட்டுச் சட்டியைக்கூடக் கழுவிக் கவிழ்த்துவிடும் மாதம்.

நான் சித்தூருக்கு ஓடினேன். போலீஸ் பாதுகாப்போடு இறைத்துவிடலாம் என்று நரசிம்மம் சாரிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். "செப்பம்மா" என்றார். இரண்டாவது தடவை சொன்னபோது போலீஸ் என்ற சொல் தானாகவே உதிர்ந்துவிட்டது.

மறுநாள் அவரே வந்தார். கோயில் வாசலில் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். உத்தரவு எதையும் எடுத்து நீட்டவில்லை. பூசாரியிடம், சாமிக்கு விட்ட கன்றுக்குட்டியை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டார். ஏலம் விடுவோம் என்றார் பூசாரி. ஏலத்தில் எடுத்தவன் அதை விற்கலாமா? விற்கலாம், சாமிக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டதே. பூசாரி இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. மீனையும் அப்படியே ஏலம் விடலாம்.

பிறகு சார் மங்கம்மாவைப் பார்த்தார். விட்டவர் நீங்கள், நீங்கள் சம்மதிக்காமல் ஏலம் கிடையாது என்றார். மங்கம்மா ஏகாம்பரத்தைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"பொதைக்கிறப்ப அதுக்கு உசுரு இருக்கக் கூடாது சார்."

"இருக்காதும்மா" என்றார் சார். "அழிக்கணும்னுதான் சட்டம் சொல்லுது. உயிரோட பொதைக்கணும்னு எங்கேயும் சொல்லல. நாங்கதான் சோம்பேறித்தனமா செஞ்சுக்கினு வந்தோம்." பாதி தெலுங்கில், பாதி எங்கள் ஊர்த் தமிழில் அதைச் சொன்னார். மேலதிகாரி ஒருவர் ஊர் நடுவில் இப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்தது நாள் குறிப்பது. புரட்டாசியில் தமிழ் வீடுகள் மீனைத் தொடாது. தீபாவளி கழிந்தால் தெலுங்கு வீடுகளுக்குக் கார்த்திக மாசம், அவர்கள் தொடமாட்டார்கள். "உங்க மாசம் முடியணும், எங்க மாசம் ஆரம்பிக்கக் கூடாது" என்று சார் சிரித்தார். இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நாட்கள்தான் இடைவெளி, அதற்குள் மழை வராமல் இருக்க வேண்டும். அந்த நாட்களில் நான் பட்ட பாடு இருக்கிறதே. திருமலைக்கு நடந்து போகும் கூட்டம் ஒவ்வொரு சனிக்கிழமையும் கோவிந்தா சொல்லிக்கொண்டு அந்த ஊர் வழியாகப் போகும். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு அதே கோவிந்தாவைச் சொல்லுவேன். வேண்டுதல்தான் வேறு.

கடைசிச் சனிக்கிழமை தீபாராதனை முடிந்ததும் ஏலம் நடந்தது. குளத்தில் உள்ள அயலூர் மீசை மீன் பூராவும் என்று பூசாரி கூவினார். நாட்டுத் தேளி பெருமாளுடையது, அது ஏலத்தில் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். மங்கம்மா ஏலம் கேட்டார். ஊரே நின்றிருந்தது, வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. எதற்காக அவர் அதை வாங்குகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். பூசாரி துளசியைக் கையில் கொடுத்தபோது மங்கம்மா அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது.

ஐப்பசி பிறந்த அன்று காலையிலேயே என்ஜின் ஓடியது. உறிஞ்சும் குழாயின் வாயில் கொசுவலை கட்டி, தண்ணீரை ஏரிக்கு எதிர்ப்பக்கம் இருந்த தரிசுக்கு விட்டோம். கரையில் வரிசையாகப் பிளாஸ்டிக் டிரம்கள். பாதி டிரம்களில் குளத்துத் தண்ணீர், அவை பெருமாள் மீன்களுக்கு. மற்றவற்றில் நொறுக்கிய ஐஸ் கலந்த தண்ணீர். சார் லாரியில் ஐஸ் வரவழைத்திருந்தார். அந்தக் குளிரில் மீன் மெல்ல மெல்ல ஓய்ந்து அசையாமல் போய்விடும். செவுள் நின்றதைப் பார்த்த பிறகுதான் எடுத்துக் குழிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் போட்ட விதி.

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் வலை. வலைக்குப் பிறகு ஏகாம்பரத்தின் ஆட்கள் தோளோடு தோள் உரச வரிசையாக நின்று சேற்றை மிதித்துக்கொண்டே வந்தார்கள். காலடியில் எது நெளிந்தாலும் குனிந்து எடுப்பார்கள். வந்த ஒவ்வொரு மீசை மீனையும் விரலால் பார்த்துப் பிரிக்க வேண்டியது என் வேலை. கூம்பு என்றால் குளத்துத் தண்ணீர், அகலம் என்றால் ஐஸ். இந்தப் பக்கம் தவறினால் பெருமாள் மீனைக் கொன்ற பழி. அந்தப் பக்கம் தவறினால் ஏரி போய்விடும். சேறு பூசிய மீன்கள் வந்துகொண்டே இருந்தன. செவுள் பக்கத்து முள் குத்தி என் கை வீங்கிவிட்டது. தேள் கொட்டியதுபோல் கடுகடுவென்று வலி. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கூடைகள் என்னைச் சுற்றிக் குவிந்தன, என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

அப்போது மங்கம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். "எனுக்கு காட்டு மேடம்" என்றார். அதுவரை பன்மையில் பேசியவர் அந்த ஒரு தடவை ஒருமையில் பேசினார். ஒரு மீனில் கூம்பைக் காட்டினேன், ஒரு மீனில் அகலத்தைக் காட்டினேன். அவருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. மீனை எடுப்பார், விரலை வைப்பார், ஒரு கணம் நிற்பார். பெரும்பாலானவை அவர் வளர்த்தவைதான். ஆட்டோவில் தூக்கிவந்து காப்பாற்றிய அதே மீன்களைத் தன் கையாலேயே ஐஸ் தண்ணீரில் விட்டார். தூக்கி எறியவில்லை, குனிந்து விட்டார். ஒவ்வொன்றுக்கும் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

குழியை மூடிச் சுண்ணாம்பு கொட்டியபோது உள்ளே எதுவும் அசையவில்லை. அதை மங்கம்மா கிட்டே வந்து பார்த்தார். குளத்தின் தரையிலும் சுண்ணாம்பைத் தூவினோம். ஆனால் அது காய்ந்து வெடிப்பதற்கு எங்கே நேரம்? மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. சேற்றுக்குள் ஒன்றாவது தங்கியிருக்குமோ என்ற பயத்திலேயே நான் அந்த மழைக்காலத்தைத் தள்ளினேன். இத்தனை வருட வேலையில் ஒரு குளத்தைக் காய விடாமல் விட்டது அது ஒன்றுதான்.

அடுத்த கோடையில் ஏரியை அரித்தபோது ஏகாம்பரம் ஆள் அனுப்பினார். போய் நின்றேன். எனக்கு முன்பே மங்கம்மா கரையில் உட்கார்ந்திருந்தார். வந்த தேளி ஒவ்வொன்றையும் இருவரும் தொட்டுப் பார்த்தோம். எல்லாம் கூம்பு. விரால் வழக்கம்போல வந்திருந்தது. ஏகாம்பரம் ஒரு விராலைத் துண்டில் சுற்றி மங்கம்மாவின் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

நரசிம்மம் சார் இப்போது இல்லை. தேசப்பன் சாதாரணக் கெண்டைதான் வளர்க்கிறார், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் குறைப்படுவார். நியாயமான குறைதான். போன புரட்டாசியில் அந்தக் கோயிலுக்குப் போயிருந்தேன். படியில் நின்று பொரி போட்டேன். கெண்டைகளுக்கு நடுவில் ஒரு மீசை மேலே வந்து வாயைப் பிளந்தது. நல்ல பருமன். வேலையை விட்டு எத்தனையோ நாளாகியும் என் கட்டைவிரல் தானாக நிமிர்ந்தது. கையிலிருந்த பொரிப் பொட்டலத்தோடு அப்படியே நின்றேன்.

மேல்படியில் துளசி கட்டிக்கொண்டிருந்த மங்கம்மா என்னைப் பார்த்தார். எழுந்து வரக்கூட இல்லை.

"பயப்படாதீங்க மேடம். போன வெள்ளிக்கெழம படிகிட்ட வந்திச்சி. தொட்டுப் பாத்துட்டேன். அது நம்புளுதுதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி துளசியை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

மீதிப் பொரியையும் அதற்கே போட்டேன்.